சாட்சிக்கு என்னை அழைத்துப் போனவர்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. உயிரோடு இருந்தவரை அவரே அதை யாருக்கும் முழுதாகக் கொடுத்ததில்லை. ஒருமுறை வயிற்று வலி என்று ஆபீசுக்குப் பக்கத்துக் கிளினிக்குக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். பதிவுசெய்யும் பெண் பெயர் கேட்டாள். "வலி வயித்துல. பேரு எதுக்கு?" என்றார். அடையாள அட்டை இல்லாமல் டாக்டரைப் பார்க்க முடியாது என்று அந்தப் பெண் சொன்னபிறகு அட்டையை எடுத்தார். ஆனால் அவளிடம் கொடுக்கவில்லை. தன் கையிலேயே பிடித்துக்கொண்டு, எண்ணை மட்டும் பார்த்து எழுதிக்கொள்ளச் சொன்னார்.

எழுபத்தொன்பதில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு இருபத்தொரு வயது. விமானத்தில் சரக்கு அனுப்புவதற்கான பத்திரங்களைத் தயார்செய்யும் சிறிய கம்பெனி. ஜாலான் சுல்தான் தெருவில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. பத்திரப் பிரிவில் அவரும் நானும் மட்டும். நாற்பதைத் தாண்டியவர், கல்யாணம் ஆகாதவர், தேவாலயத்துக்கு ஒரு ஞாயிறுகூடத் தவறாதவர். பூப்போட்ட கவுன், தோளில் குறுக்காக மாட்டிய கைப்பை. நான் அவரை அக்கா என்றே அழைத்தேன்.

முதல் நாள் காலை அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "யாரு உன்னை இங்க அனுப்பினா?" என்பதுதான்.

"பேப்பர்ல விளம்பரம் பார்த்தேங்க்கா."

"எந்தப் பேப்பர்? எந்தப் பக்கம்?"

சொன்னேன். அன்று மாலை பழைய பத்திரிகைக் கட்டைப் புரட்டி அந்த விளம்பரத்தைக் கண்டுபிடித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

தொலைபேசியை எடுத்தால் 'ஹலோ' சொல்ல மாட்டார். எதிர்முனையில் இருப்பவர் தாம் யார் என்று சொல்லும்வரை மூச்சுகூட விடாமல் காத்திருப்பார். பாதிப்பேர் லைன் வேலை செய்யவில்லை என்று நினைத்து வைத்துவிடுவார்கள். கிளமெண்டியில் அவருடைய அடுக்குமாடி வீட்டுக்கு நான் முதன்முதலாகப் போனபோது, கதவைத் திறந்து இரும்பு கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடி ஐந்து நிமிடம் பேசினார். என்னை வரச் சொன்னதே அவர்தான். "தனியாத்தான் வந்தியா? லிஃப்ட்ல கூட யாரு ஏறினா?" என்று கேட்டு முடித்த பிறகே பூட்டைத் திறந்தார்.

ஆபீசில் எல்லோரும் இதற்கெல்லாம் சிரித்தோம். ஆனால் பழைய மேனேஜர் சிரிக்க மாட்டார். நான் சேர்ந்த ஆண்டில் ஒருநாள், துணி மாதிரிகள் என்று எழுதி ஓர் அட்டைப்பெட்டி வந்தது. அக்கா அதைச் சும்மா தூக்கிப் பார்த்தார். பிறகு காதருகே வைத்து ஆட்டினார். "துணி இப்படித் தளும்புமா?" என்றார். அதற்குப் பத்திரம் டைப் அடிக்க மறுத்துவிட்டார். அனுப்பியவர் வந்து கத்தினார், மிரட்டினார். மேனேஜர் பெட்டியைப் பிரிக்கச் சொன்னார். துணிக்கு அடியில் நான்கு கண்ணாடிப் புட்டிகளில் ஏதோ அமிலம். விமானத்தில் ஏறக்கூடாத சரக்கு. மேனேஜருக்கு முகம் வெளுத்துப்போனது. அதன்பின் அக்காவின் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டியும் மாடிப்படி இறங்கியதில்லை.

தாய்லாந்துக் கடைக்கு நாங்கள் முதன்முதலாகப் போனதும் பசியால் அல்ல. பீச் ரோட்டில், தாய்லாந்தின் ஹாட்யாய் நகருக்குப் பேருந்துகள் புறப்படும் பெரிய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அந்தக் கடை இருந்தது. ஆறு மேசை, ஒரு குளிர்பெட்டி, நெளிநெளியாகத் தாய் எழுத்தில் ஒரு பெயர்ப்பலகை. அக்கா பேருந்துக்கு அந்த வழியாகத்தான் நடப்பார்.

"போர்டுல என்ன எழுதியிருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்றார் ஒரு வெள்ளிக்கிழமை. "உள்ள எப்பவும் பெட்டியோட ஆளுங்க. பின்னால ஒரு திரை வேற. ஒருத்தன் திரைக்குள்ள போனான். அரை மணி நேரம் நின்னு பார்த்தேன், வெளிய வரவே இல்ல."

"சாப்பாட்டுக் கடைதானேக்கா?"

"அதைப் பார்க்கத்தான் நாளைக்குப் போறோம். நீ வா. ரெண்டு பேரா போனா ஒரு சாட்சி இருக்கும்."

சனிக்கிழமை ஒரு மணிக்கு ஆபீஸ் முடியும். போய் உட்கார்ந்தோம். கடைக்காரப் பெண் எங்களிடம் வந்தாள். முப்பது வயதிருக்கும், குட்டையான உருவம், கன்னத்தில் மாவு பூசியதுபோல் பவுடர். ஹாட்யாய் பக்கத்துக்காரி, மலாய் கொஞ்சம் பேசினாள். எங்கள் மலாயும் சந்தை மலாய்தான் என்பதால் ஒத்துப்போனது. தோம்யாம் சூப் வந்தது. அக்கா கரண்டியால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தார். செராய் என்கிற வாசனைப் புல்லின் தண்டு, எலுமிச்சை இலை, இஞ்சிபோல் இருக்கும் லெங்குவாஸ் துண்டு, காளான், இறால். எல்லாவற்றையும் முகர்ந்தார். பிறகு கிண்ணத்தை அந்தப் பெண் பக்கம் நகர்த்தி, "முதல்ல நீ குடி" என்றார் மலாயில்.

எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. அந்தப் பெண் ஒரு நொடி திகைத்தாள். பின் வாய்விட்டுச் சிரித்து, ஒரு கரண்டி எடுத்து மடமடவென்று குடித்தாள். அக்கா அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் தானும் குடித்தார். கண்ணில் நீர் வந்தது. "காரம்" என்றார். கிண்ணம் காலியானது.

அதோடு விடவில்லை. கை கழுவப் போவதுபோல் எழுந்து, திரையைச் சட்டென்று இழுத்தார். அரிசி மூட்டைகள்மேல் பனியனோடு தூங்கிக்கொண்டிருந்த ஓர் ஆள் அலறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். கடைக்காரியின் புருஷன். இரவெல்லாம் ஹாட்யாயிலிருந்து பேருந்து ஓட்டிக்கொண்டு வந்து பகலில் அங்கே தூங்குகிறவன்.

"டிரைவருன்னு சொல்றா," என்றார் அக்கா வெளியே வந்ததும். "பார்ப்போம்."

பார்ப்பதற்காக அடுத்த சனிக்கிழமையும் போனோம். அதற்கடுத்ததும். சாப்பாடு பிடித்திருக்கிறது என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் மீன் வறுவலின் முள்ளைக்கூட விடாமல் உறிஞ்சுவார். கடைக்காரி எங்களைக் கண்டதும் கேட்காமலேயே ஒரு கரண்டி எடுத்துக் குடித்துக் காட்டிவிட்டுக் கிண்ணத்தை வைப்பாள். இருவரும் சிரிக்காமல் இதைச் செய்வார்கள், ஏதோ சடங்குபோல.

எண்பத்திரண்டில் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை கப்பல் பட்டறையில் வரைபடம் போடுகிற வேலையில் இருந்தார். தேக்காவில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, படியேற முடியாத என் அப்பாவைக் கைபிடித்து மேலே கூட்டி வந்தார். அதிலேயே அம்மாவுக்கு மனம் நிறைந்துவிட்டது. எனக்கும் பிடித்திருந்தது. நிச்சயம் முடிந்ததும் அக்காவுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளையைத் தாய்க்கடைக்கு அழைத்து வந்தேன்.

"எனக்கு இந்தச் சாப்பாடெல்லாம் பழக்கமே இல்ல. இதான் ஃபர்ஸ்ட் டைம். நீங்களே ஆர்டர் பண்ணுங்க," என்றார் அவர். மரியாதையாகப் பேசினார். அக்கா கேட்ட கேள்விகளுக்கெல்லாம், எந்தப் பள்ளி, எந்த அடுக்குமாடித் தொகுதி, மேலதிகாரி பெயர் என்ன, எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். அன்று கடைக்காரி மேசைக்கு வரவில்லை. அவள் புருஷன்தான் கிண்ணங்களைக் கொண்டுவந்து வைத்தான். முதல் கரண்டி குடித்துக்காட்ட ஆள் இல்லை. அக்கா சாப்பிடவில்லை.

பாதிச் சாப்பாட்டில் மாப்பிள்ளை எழுந்து கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தார். அதன்பின் அக்கா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவருக்கு என் மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

திங்கட்கிழமை காலை, டைப்ரைட்டர் மூடியைக்கூடக் கழற்றாமல் என் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கடையில டாய்லெட் எங்க இருக்கு?"

"பின்னால, நடைவழியில."

"சாவி?"

"ஃபிரிட்ஜுக்குப் பின்னால ஆணியில."

"நாம முதல் தடவை போனப்ப அது உனக்குத் தெரியுமா?"

எனக்குப் புரிந்தது. அன்று மாப்பிள்ளை எழுந்து, யாரையும் கேட்காமல், குளிர்பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனதை நானும் பார்த்தேன். பார்த்தும் எனக்கு அது ஒன்றுமாகத் தெரியவில்லை.

கோபம்தான் முதலில் வந்தது. "யாராவது எடுத்ததைப் பார்த்திருப்பாருக்கா. எல்லாரையும் இப்படிச் சந்தேகப்பட்டுப் பட்டுத்தான் நீங்க தனியா உட்கார்ந்திருக்கீங்க."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா முகம் மாறவில்லை.

"தனியாத்தான் இருக்கேன். சரி. சாவி அவனுக்கு எப்படித் தெரியும்?"

நான் கோப்பை இழுத்து வைத்து வேலையைப் பார்த்தேன். மத்தியானம் அவரே மறுபடி வந்தார். "நான் சொன்னேன்னு நம்பாத. நான் நூறு பேரைச் சந்தேகப்படுறவ. நீயே போய்க் கேளு. கேக்கும்போது முகத்தைப் பாரு."

பத்து நாள் கேட்கவில்லை. கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் வீட்டுக்கு வந்தன, அம்மா மஞ்சளா சிவப்பா என்று கேட்டார். பதினோராவது நாள் சாப்பாட்டு நேரத்தில் தனியாகத் தாய்க்கடைக்குப் போனேன். கடைக்காரி கீரை கழுவிக்கொண்டிருந்தாள். அன்று என்னோடு வந்தவரைத் தெரியுமா என்று கேட்டேன். தலையை நிமிர்த்தவில்லை. "நான் சமைக்கிறவ. முகம் ஞாபகம் இருக்காது," என்றாள். சரி என்று திரும்பினேன். வாசலுக்கு வருவதற்குள் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. "அவர் கொத்தமல்லி சாப்பிட மாட்டார்."

நின்றேன். அன்று மூன்று கிண்ணம் வந்தது. அக்காவுடையதிலும் என்னுடையதிலும் மேலே பச்சையாகக் கொத்தமல்லி. அவருடையதில் இல்லை. அவரும் வேண்டாம் என்று சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் மாலை ஃபேரர் பார்க் திடலில் மாப்பிள்ளையிடம் கேட்டேன். அக்கா சொன்னபடி முகத்தைப் பார்த்தேன். அவர் முதலில் சிரிக்கப் பார்த்தார். பிறகு புல்லைப் பிடுங்க ஆரம்பித்தார். தாய்க்கடை இருக்கும் அதே கட்டடத்தில் பேருந்து டிக்கெட் விற்கும் ஒரு சீனப் பெண். மூன்று வருடப் பழக்கம். அவளைக் கட்டினால் தூக்கில் தொங்குவேன் என்கிறார் அவருடைய அம்மா. கல்யாணம் ஆனால் எல்லாம் தானாக விட்டுப்போகும் என்று நினைத்தாராம்.

"அன்னிக்கு அந்தக் கடைக்குன்னு சொன்னப்பவே மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீங்க ஏன்னு கேட்பீங்களேன்னு பயம்," என்றார். அழுதார். அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

கல்யாணம் நின்றது. அம்மா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. "அந்த ஆபீஸ்காரி வாயை வச்சா, குடும்பம் விளங்கல," என்று அக்காவைத் திட்டித் தீர்த்தார். அக்காவோ என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'நான் அப்பவே சொன்னேன்ல' என்ற ஒரு பார்வைகூட இல்லை. திங்கட்கிழமை காலை என் மேசையில் ஒரு ரொட்டிப் பொட்டலம் இருந்தது. "சாப்பிட்டியா லா?" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எனக்கும் அவருடைய வியாதி கொஞ்சம் தொற்றிக்கொண்டது. எந்தக் கடைக்குப் போனாலும், யார் எழுந்து எந்தப் பக்கம் நடக்கிறார்கள் என்று கண் தானாகப் போகும். அவர் இல்லையென்றால் என் வாழ்க்கை என்னவாகியிருக்கும் என்று நினைப்பேன். நன்றி இருந்தது. கூடவே ஒரு பயமும் இருந்தது. இந்தக் கண் ஒருநாள் என் பக்கம் திரும்பினால்?

எண்பத்தைந்தில் சரக்கு குறைந்தது. பழைய மேனேஜர் ஓய்வுபெற்று, இளம் வயதில் ஒருவர் வந்திருந்தார். பத்திரப் பிரிவுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அக்கா அதை நம்பவில்லை. அது அச்சடித்துக் கொடுப்பதைத் தன் டைப்ரைட்டரில் மறுபடி அடித்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுவார். ஒரு கோப்புக்கு அரைநாள் ஆகும்.

ஒரு புதன்கிழமை மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டார். இரண்டு பேரில் ஒருவர்தான் இருக்க முடியும் என்றார். "யாரு இருக்கணும்னு உங்களைக் கேக்கல. வேலை எப்படி நடக்குதுன்னு மட்டும் சொல்லுங்க."

நான் சொன்னேன். "அக்கா ரொம்பக் கவனம் சார். ஆனா ஒரு ஃபைலை மூணு தடவை பார்ப்பாங்க. ரொம்ப ஸ்லோ. கம்ப்யூட்டரைத் தொடவே மாட்டாங்க."

பொய் ஒன்றுமில்லை. அப்பா படுக்கையில் கிடந்தார், வீட்டில் என் சம்பளம்தான். இதையெல்லாம் இப்போது காரணமாகச் சொல்லலாம். அந்த அறையில் எனக்கு அப்பா ஞாபகம் வரவில்லை. என் பெயர் வந்துவிடக் கூடாது என்று மட்டும்தான் இருந்தது. அமிலப் புட்டிகளைப் பற்றி அந்தப் புது மேனேஜருக்குத் தெரியாது. நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மாதக் கடைசியில் அக்காவுக்குக் கடிதம் வந்தது. அந்தச் சனிக்கிழமையும் தாய்க்கடைக்குப் போனோம். கிண்ணத்தில் கரண்டியைப் போட்டுக் கலக்கியபடியே கேட்டார்.

"அன்னிக்கு உன்னை உள்ள கூப்பிட்டானே. என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டானா?"

"இல்லக்கா."

"நீ ஏதாச்சும் சொன்னியா?"

"நான் என்னக்கா சொல்லப்போறேன்?"

என்னை நிமிர்ந்து பார்த்தார். கிளினிக்கில் அட்டையைக் கொடுக்காத பெண், லிஃப்டில் ஏறியவரை விசாரிக்கிற பெண், என் முகத்தைப் பார்த்தார். எதையும் மூன்று முறை கேட்பது அவர் வழக்கம். மூன்றாவது கேள்விக்காக நான் காத்திருந்தேன். வந்திருந்தால் உடைந்திருப்பேன்.

"சரி," என்றார்.

பிறகு தன்னைப் பற்றி மேனேஜரிடம் யார் யார் சொல்லியிருக்கலாம் என்று ஒவ்வொருவராக ஆராய ஆரம்பித்தார். கணக்குப் பிரிவு மலாய்க்காரர், வரவேற்பு மேசைப் பெண், கம்ப்யூட்டர் விற்ற கம்பெனிக்காரன், தேநீர் கொண்டுவரும் கிழவர். ஒருவரையும் விடவில்லை. நான் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டேன். அந்தப் பட்டியலில் நான் இல்லை.

அவருக்குத் தேவாலய அலுவலகத்தில் சின்ன வேலை கிடைத்தது. எனக்கு ஆபீசில் அவர் மேசையும் சேர்ந்து கிடைத்தது. தீபாவளிக்குத் தீபாவளி தொலைபேசியில் அழைப்பார். நாங்கள் சந்திப்பது குறைந்தது. குறைத்தது நான்தான்.

நான்கு வருடம் அதைச் சுமந்தேன். எண்பத்தொன்பதில், அப்பா இறந்து சில மாதம் கழித்து, நானே அவரைத் தாய்க்கடைக்கு வரச் சொன்னேன். கிளமெண்டிக்கு எம்ஆர்டி ரயில் ஓட ஆரம்பித்து ஒரு வருடம் ஆகியும் பேருந்தில்தான் வந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. கடைக்காரி பக்கத்துக் கடையையும் எடுத்து விரித்திருந்தாள், பன்னிரண்டு மேசை. அக்காவைக் கண்டதும் அடுப்படியிலிருந்து ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாப்பாடு வந்ததும் சொல்லிவிட்டேன். மேனேஜர் கேட்டது, நான் சொன்னது, சொல்லாமல் விட்டது, பிறகு இதே கடையில் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னது. எதையும் குறைக்கவில்லை.

அக்கா மெல்லுவதை நிறுத்தினார். பக்கத்து மேசையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"யாரு உன்னை இப்படிச் சொல்லச் சொன்னா?"

"யாரும் சொல்லலக்கா. நான்தான் செஞ்சேன்."

"அவன்தானே? அந்த மேனேஜர்? நாலு வருசம் கழிச்சு எதுக்கு இது? ஆபீஸ்ல என்ன நடக்குது?"

"ஒண்ணும் நடக்கலக்கா. எனக்கு மனசு தாங்கல, அதான்."

"ஏதாச்சும் எழுதிக் கையெழுத்து வாங்கினானா?"

"அக்கா, நான் சொல்றதைக் கேளுங்க. உங்களுக்கு வேலை போனது என்னாலதான்."

என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி வலித்தது. "சும்மா இரு லா. உன்னை எனக்குத் தெரியாதா? நீ அப்படிச் செய்யறவ இல்ல. மிரட்டுறான், நீ பயந்துபோய் உளர்ற. சாப்பிடு முதல்ல."

மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் அவர் தலையை ஆட்டி மறுத்தார். கடைசியில் என் கண்ணீரையும் அந்த மேனேஜர் கணக்கில் எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை மாலை ஐந்தரைக்கு ஆபீஸ் படியிறங்கியபோது, கீழே கடைகளுக்கு முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதையில் அக்கா நின்றுகொண்டிருந்தார். கிளமெண்டியிலிருந்து வந்திருந்தார். "நீ நட, நான் பின்னால வரேன்," என்றார். நான் பேருந்து ஏறும்வரை நின்றார். செவ்வாயும் வந்தார். புதனன்று மேனேஜர் எனக்குப் பின்னால் இறங்கிவந்து, பழைய ஊழியரை அடையாளம் கண்டு, சிரித்த முகத்தோடு நலம் கேட்டார். அக்கா எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்று, மேனேஜரின் கார் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"போயிட்டான்," என்றார். "வா, போகலாம்."